கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால என்ன இருக்கு? - கோவை கலெக்‌ஷன்களின் 'உள்ரூம்' டூர் கைடு

ஒரு மியூசியத்துக்குப் போறோம். டிக்கெட் எடுக்குறோம், கண்ணாடிப் பெட்டியில இருக்கிறதைப் பார்க்குறோம், ரெண்டு செல்ஃபி, வெளியே வந்து ஒரு டீ. ஆனா, உண்மையான மியூசியம் நாம பார்த்த அந்த ஹால்ல இல்லை. 'உள்ளே அனுமதி இல்லை'ன்னு போர்டு மாட்டின கதவுக்குப் பின்னாடி இருக்கு.

அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை எடுத்துக்கோங்க. அங்கே 14 கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கு. பார்வைக்கு வெச்சிருக்கிறது அதுல 1 சதவிகிதம்கூட கிடையாது. மிச்சமெல்லாம் இழுப்பறைகளிலும், ஜாடிகளிலும், இரும்பு பீரோக்களிலும் தூங்குது. உலகம் முழுக்க இதே கதைதான்.

இந்தத் தூங்குற பொருள்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுறதுதான் 'பிஹைண்ட் த ஸீன்ஸ் டூர்'. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல ஸ்பிரிட் கலெக்‌ஷன் டூர்னு ஒண்ணு நடத்துறாங்க. ஜாடிகளுக்கு நடுவே நடந்துபோனா, 8.62 மீட்டர் நீளமுள்ள ராட்சதக் கணவாய் ஒண்ணு தொட்டியில கிடக்கும். 'ஆர்ச்சி'ன்னு செல்லப்பேர். நெதர்லாந்தின் ராட்டர்டாம்ல ஒரு படி மேலே போய், 2021-ல சேமிப்புக் கிடங்கையே கண்ணாடி பளபளக்கிற கிண்ணம் மாதிரி கட்டி, மக்களுக்குத் திறந்துவிட்டாங்க. 2025-ல லண்டன் வி அண்டு ஏ மியூசியம் திறந்த 'ஸ்டோர்ஹவுஸ்'ல, நமக்குப் பிடிச்ச அஞ்சு பொருள்களை முன்கூட்டியே 'ஆர்டர்' பண்ணலாம். ஸ்விக்கி மாதிரிதான். என்ன, பொருளை வீட்டுக்கு எடுத்துட்டு வர முடியாது. பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு வரலாம்.

சரிங்க, கோயம்புத்தூர்ல இதெல்லாம் எங்கே?

இங்கே டிக்கெட் போட்டு நடத்துற உள்ரூம் டூர் கலாசாரம் இன்னும் வேர்விடலை. ஆனா, டூர் போற அளவுக்குச் சரக்கு இருக்கு. தென்னிந்தியாவின் முக்கியமான தாவரக் கருவூலமே நம்ம லாலி ரோட்டுல, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளதான் இருக்கு. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம். அதுல இருக்கிற 'மெட்ராஸ் ஹெர்பேரியம்' உலகத் தாவரவியலாளர்களுக்கு 'எம்.ஹெச்'ங்கிற ரெண்டெழுத்துக் குறியீட்டால தெரியும். மெட்ராஸ்ல ஆரம்பிச்ச இந்தச் சேகரிப்பு, 1909-ல கோவை வேளாண் கல்லூரிக்கு வந்துச்சு. அப்புறம் 1950-களில் மத்திய அரசின் தாவரவியல் ஆய்வகம் பொறுப்பெடுத்துக்கிச்சு. பேர்ல மெட்ராஸ், இருக்கிறது கோவையில! இன்னிக்கு ரெண்டு லட்சத்துக்கும் அதிகமான உலர்தாவர மாதிரிகள் அங்கே இருக்கு.

அப்படி என்னதான் இருக்கு ஒரு காய்ஞ்ச இலையில?

நியாயமான கேள்விதான். ஸ்கூல்ல இலையைப் புத்தகத்துக்குள்ள வெச்சு அமுக்கினோம்ல, அதோட சீரியஸ் வெர்ஷன்தான் ஹெர்பேரியம். காட்டுக்குப் போற ஆய்வாளர், பூவும் காயும் இருக்கிற கிளையா பார்த்து வெட்டுவார். நியூஸ்பேப்பர் நடுவுல வெச்சு, மரச்சட்டத்துல இறுக்கிக் கட்டுவார். ஈரம் போற வரைக்கும் பேப்பரை மாத்திக்கிட்டே இருக்கணும். மழைக்காலத்துல ஒருநாள் சோம்பேறித்தனப்பட்டாலும் பூஞ்சை பிடிச்சிடும். காய்ஞ்சதும் பூச்சி அரிக்காம இருக்க மருந்துல முக்கி எடுப்பாங்க. பல வருஷமா இதுக்குப் பயன்பட்டது பாதரசக் கலவை. பழைய ஷீட்டை வெறும் கையால தொடாதீங்கன்னு சொல்றது பந்தா இல்லை, உங்க உடம்புக்காகத்தான்.

கடைசியா சுமார் 42-க்கு 28 சென்டிமீட்டர் கெட்டி அட்டையில ஒட்டி அல்லது தைச்சு, வலதுபக்கக் கீழ்மூலையில லேபிள் ஒட்டுவாங்க. எந்த ஊர், எவ்வளவு உயரம், எந்தத் தேதி, யார் எடுத்தது, பூ என்ன நிறம் (காய்ஞ்சா நிறம் போயிடுமே), சில சமயம் உள்ளூர்க்காரங்க அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க... எல்லாம் அதுல இருக்கும். என்னைக் கேட்டா, செடியைவிட லேபிள்தான் பொக்கிஷம். லேபிள் கிழிஞ்சுபோன ஷீட் வெறும் சருகு.

இந்தக் குவியலுக்குள்ள ராஜா யாருன்னா, 'டைப்' மாதிரி. ஒரு புது இனத்துக்கு முதன்முதலா பேர் வைக்கும்போது எந்தக் கிளையைப் பார்த்து வெச்சாங்களோ, அந்தக் கிளை. 'இது அந்தச் செடிதானா?'ன்னு உலகத்துல எங்கே சந்தேகம் வந்தாலும், கடைசித் தீர்ப்பு அந்த ஒத்தை ஷீட்தான். அதனால டைப் மாதிரிகளைத் தனியா, கூடுதல் பாதுகாப்போட வெச்சிருப்பாங்க. சாதாரணமா விசிட்டர் கையில தர மாட்டாங்க. கோவிச்சுக்காதீங்க.

பருத்தி பார்க்க வந்தவர்

கோவைக்கும் காய்ஞ்ச செடிக்கும் இருக்கிற உறவு, 'மெட்ராஸ் ஹெர்பேரியம்' வந்ததுல ஆரம்பிக்கலை. ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். கிழக்கிந்திய கம்பெனி அவரை 1842-ல கோவைக்கு அனுப்பினது, அமெரிக்கப் பருத்தியை இங்கே வளர்த்துப் பார்க்க. பருத்தி வேலையோட வேலையா மனுஷன் செடி சேகரிச்சுக்கிட்டே இருந்தார். அவர் வெளியிட்ட 'ஐகோன்ஸ்' தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர ஓவியங்கள் இருக்கு. அவருக்காக வரைஞ்சவங்க ரங்கையா, கோவிந்துங்கிற இந்திய ஓவியர்கள். கம்பெனி காலத்து ஓவியர்கள் பலரோட பேரே பதிவாகாத நேரத்துல, வைட் இவங்க பேரைப் பதிவு பண்ணினார். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பேரையே வெச்சார்.

இதே வைட், 1835-ல கொல்லம் பக்கத்துல ஒரு மரக்கிளையை எடுத்து உலர்த்தி வெச்சார். நம்ம இலுப்பைக்குச் சொந்தக்கார மரம், 'மதுகா டிப்ளோஸ்டெமான்'. அதுக்கப்புறம் அந்த மரத்தை யாருமே பார்க்கலை. அழிஞ்சேபோச்சுன்னு நினைச்சாங்க. 180 வருஷத்துக்கு மேல கழிச்சு, கொல்லம் மாவட்டத்துல ஒரு கோயில் காவுல நின்ன ஒரு மரம் அதுதான்னு 2020-ல ஆய்வாளர்கள் உறுதி செஞ்சாங்க. பழைய மாதிரி பத்திரமா இருந்ததாலதான் ஒப்பிட முடிஞ்சது. அது இல்லைன்னா, யாரோ விறகுக்கு வெட்டியிருந்தாலும் என்ன போச்சுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்காது.

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்க. தாராபுரம், காங்கேயம், மூலனூர் பக்கம் கொறங்காடு தெரியுமில்லையா? கிளுவை முள்வேலி, நடுவுல வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், மேயுற காங்கேயம் மாடு. அந்தக் காடுகளில் பல இப்போ சைட்டா மாறிக்கிட்டிருக்கு. உங்க தாத்தா தோட்டத்து வேலியில என்னென்ன செடி இருந்துச்சுன்னு இன்னும் 50 வருஷம் கழிச்சு யாராவது கேட்டா, பதில் இருக்கப்போற ஒரே இடம் இந்த மாதிரி ஒரு பீரோதான்.

பீரோவும் நிரந்தரமில்லை. 2016 ஏப்ரல்ல டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரே ராத்திரியில எரிஞ்சது. 2018 செப்டம்பர்ல பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிஞ்சப்போ, சுமார் 2 கோடி பொருள்கள் கொண்ட சேகரிப்பில் பெரும்பகுதி போச்சு. தீ கூட வேண்டாம், ஒரு சின்ன வண்டு போதும். யாரும் எட்டிப்பார்க்காத ஒரு ரூமுக்குத்தான் நிதியும் ஆளும் முதல்ல குறையும். அதனாலதான் இந்த டூர்கள் வெறும் வீக்எண்ட் டைம்பாஸ் இல்லைன்னு சொல்றேன்.

எங்கிருந்து தொடங்கலாம்?

நேரா ஹெர்பேரியத்துக்குப் போகாம, முதல்ல கௌலி பிரவுன் ரோடு 'காஸ் வன அருங்காட்சியக'த்துக்குப் போங்க. 1902-ல வனத்துறை அதிகாரி காஸ் முயற்சியில உருவானது. வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவன வளாகத்துல இருக்கு. மரத்துண்டு மாதிரிகள், பாடம் செய்யப்பட்ட காட்டுமாடுன்னு பழைய காலத்து மியூசியம் எப்படி இருக்கும்னு அப்படியே காட்டும். அதே வளாகத்துலதான் 'ஃபிஷர் ஹெர்பேரியம்' இருக்கு. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் எழுத ஆரம்பிச்ச பெரிய நூலை, அவர் 1925-ல இறந்த பிறகு முடிச்சுக்கொடுத்தவர்தான் இந்த ஃபிஷர். முன்ஹாலும் உள்ரூமும் ஒரே காம்பவுண்டுக்குள்ள.

பூச்சி பிடிக்கும்னா, வேளாண் பல்கலைக்கழகத்துல 2018-ல திறந்த பூச்சி அருங்காட்சியகம். குழந்தைகளோட போறவங்களுக்கு அதுதான் பெஸ்ட். வண்டி பிரியர்களுக்கு அவிநாசி ரோட்டு ஜி.டி. கார் மியூசியம் இருக்கவே இருக்கு.

ஹெர்பேரியம் மாதிரி ஆய்வு இடங்களுக்கு முன்அனுமதி வாங்கித்தான் போகணும். தனியா போய் கேட்ல நிக்கிறதைவிட, காலேஜ் தாவரவியல் துறை, இயற்கை ஆர்வலர் குழு மூலமா மையத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுறது நல்லது. எத்தனை பேர், எந்தத் தேதி, எதுக்காகன்னு மூணு வரி போதும். வேலைநாளா பார்த்துக் கேளுங்க. 15 பேருக்கு மேல கூட்டிட்டுப் போகாதீங்க. பீரோ சந்துல நிக்கவே இடம் பத்தாது.

போகும்போது பூ வெச்சுட்டுப் போகாதீங்க. நிஜமாத்தான். வெளியிலிருந்து வர்ற பச்சை இலை, பூவுல ஒட்டிட்டு வர்ற பூச்சி ஒரு நூற்றாண்டு சேகரிப்பைத் தின்னுடும். பேனாவுக்குப் பதிலா பென்சில். தண்ணி பாட்டிலும் தின்பண்டமும் வெளியிலேயே. போட்டோ எடுக்கலாமான்னு முதல்ல கேளுங்க. எடுத்தாலும் ஃபிளாஷ் வேண்டாம். ஷீட்டைப் புத்தகப் பக்கம் மாதிரி திருப்பவே கூடாது, ரெண்டு கையாலயும் தட்டையாத் தூக்கணும். அதை அவங்களே செஞ்சு காட்டுவாங்க.

உள்ளே போனதும் 'இங்க ரொம்ப ரேரான செடி எது?'ன்னு கேட்காதீங்க, எல்லாரும் அதைத்தான் கேட்பாங்க. 'எங்க தாலுகாவுல எடுத்த ரொம்ப பழைய ஷீட் எது?'ன்னு கேளுங்க. பல்லடமோ, பெருந்துறையோ, உடுமலையோ... உங்க ஊர்ப்பேரை யாரோ ஒருத்தர் எப்பவோ மசியில எழுதிவெச்சதைப் பார்க்கிற அனுபவமே வேற.

அனுமதி கிடைக்கிற வரைக்கும் காத்திருக்க முடியலையா? தாவரவியல் ஆய்வகத்தின் 'இந்தியன் வர்ச்சுவல் ஹெர்பேரியம்' இணையதளத்தைப் போன்லயே திறக்கலாம். ஸ்கேன் பண்ணின ஷீட்களை ஜூம் பண்ணிப் பாருங்க. வலதுபக்கக் கீழ்மூலையிலிருந்து ஆரம்பிங்க.