தமிழ் யூனியன் கழகம், கொழும்பு

தமிழ் யூனியன் கழகம் என்று சுருக்கமாக வழங்கப்படும் தமிழ் யூனியன் துடுப்பாட்ட, மெய்வல்லுநர் கழகம், 1899ஆம் ஆண்டில் கொழும்பு வாழ் தமிழர்களுக்கெனத் தொடங்கப்பட்டு இன்றும் இயங்கிவரும் விளையாட்டுக் கழகமாகும். விளையாட்டால் ஊதியம் பெறாமல், வேறு தொழில் செய்துகொண்டே ஓய்வு நேரத்தில் ஆடிய அமெச்சூர் வீரர்களின் கூட்டமாகப் பிறந்த இக்கழகம், பொரளைப் பகுதியில் தனக்கென அமைத்துக்கொண்ட மைதானத்தின் வழியாக நாட்டின் துடுப்பாட்ட வரலாற்றிலேயே நிலையான இடத்தைப் பெற்றது. ஒரு சமூகத்தின் பெயரைத் தாங்கிய கழகம், அப்பெயரை விடாமலேயே எல்லாச் சமூகத்தவருக்கும் உரிய களமாக வளர்ந்தது என்பதே அதன் வரலாற்றின் சாரம்.

தோற்றப் பின்னணி

கிரிக்கெட் எனப்படும் துடுப்பாட்டம் பிரித்தானியப் படைவீரர்களோடும் உத்தியோகத்தர்களோடும் இலங்கைக்கு வந்தது. 1832ஆம் ஆண்டிலேயே கொழும்பில் ஆட்டம் நடைபெற்றதற்குப் பதிவு உண்டு. ஐரோப்பியரின் கழகங்களில் உள்நாட்டவருக்கு இடமில்லாதிருந்த காலத்தில், ஆங்கிலவழிக் கல்லூரிகளே இலங்கையருக்கு இந்த ஆட்டத்தைக் கற்பித்தன. றோயல் கல்லூரிக்கும் புனித தோமையார் கல்லூரிக்கும் இடையிலான ஆண்டுப் போட்டி 1879இல் தொடங்கியது. கல்லூரியை விட்டு வெளியேறி அரசாங்கப் பணியிலும் வழக்கறிஞர், மருத்துவர் தொழில்களிலும் அமர்ந்த இளைஞர்கள் தொடர்ந்து ஆடுவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டபோது, கழகங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

அக்கழகங்களுட் பல சமூக அடிப்படையிலேயே அமைந்தன. மலாயர்கள் 1872இலும், பறங்கியர் 1896இலும், சிங்களவரும் தமிழரும் ஒரே ஆண்டாகிய 1899இலும், சோனகர் 1908இலும் கொழும்பில் தத்தமக்கெனக் கழகங்களை நிறுவினர்; சோனகர் நிறுவியது மூர்ஸ் விளையாட்டுக் கழகம் என்று அறியப்படுகிறது. எந்தச் சமூகத்தையும் குறிக்காத பெயருடன் 1888இல் தோன்றிய நொன்டிஸ்கிரிப்ட்ஸ் கழகம் இந்தப் போக்குக்கு விதிவிலக்காக இருந்தது. 1833இல் உருவான சட்டநிரூபண சபையில் உறுப்பினர்களை இனவாரியாக நியமிக்கும் முறை நடைமுறையில் இருந்ததையும், சோனகருக்கு அத்தகைய நியமனம் 1889இல்தான் கிடைத்ததையும் நினைவிற் கொண்டால், விளையாட்டுக் கழகங்களின் இந்தப் பிரிவு அக்கால அரசியல் ஒழுங்கின் மறுபக்கமே என்பது விளங்கும். ஆயினும் இக்கழகங்கள் தனித்தனியே ஒதுங்கி நிற்கவில்லை. ஆடுவதற்கு எதிரணி வேண்டும் என்ற எளிய காரணத்தினாலேயே, வார இறுதிதோறும் ஒரு சமூகத்தின் கழகம் மற்றொரு சமூகத்தின் மைதானத்துக்குச் சென்று ஆட நேர்ந்தது.

ஓவல் மைதானமும் சரவணமுத்துவும்

கழகத்தின் வரலாற்றில் தலையாய இடம் பாக்கியசோதி சரவணமுத்துவுக்கு உரியது. இலங்கைச் சிவில் சேவையில் உயர்பதவி வகித்த இவர், தேயிலை, றப்பர் கட்டுப்பாட்டுத் துறைகளின் பொறுப்பையும் ஏற்றிருந்தார். 1937இல் கொழும்பு மாநகரசபையின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயரான இரத்தினசோதி சரவணமுத்து இவருடைய சகோதரராவார். நாட்டின் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபைக்கு முதல் தலைவராகவும் விளங்கிய பாக்கியசோதியின் முயற்சியால் உருவான கழக மைதானம், கொழும்பு ஓவல் என்ற பெயரில் 1940களிலேயே வெளிநாட்டு அணிகளை வரவேற்கும் தரத்தை எட்டியது. 1977இல் அது அவர் பெயரால் பி. சரவணமுத்து மைதானம் என மாற்றப்பட்டது. பேச்சு வழக்கில் பி. சரா ஓவல் என்பர்.

கப்பற் பயணக் காலத்தில், இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே பயணிக்கும் அணிகள் கொழும்புத் துறைமுகத்தில் தங்கும் நேரத்தைப் பயன்படுத்தி ஒருநாள் ஆட்டமொன்றை ஆடிச் செல்வது வழக்கமாயிருந்தது. அவ்வகையில் 1948 மார்ச் மாதம் டொன் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி ஓவலில் ஆடியபோது, 22 யார் நீளம் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 யாராக அமைந்திருந்தது ஆட்டத்தின் நடுவே கண்டறியப்பட்டது. அந்த ஆட்டத்தில் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ் யூனியன் வீரரான மகாதேவன் சதாசிவம்.

முக்கிய வீரர்கள்

1915இல் பிறந்து வெஸ்லி கல்லூரியில் ஆடப் பழகிய சதாசிவம், 1947இல் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்களைக் குவித்துப் புகழ்பெற்றார். பிற்காலத்தில் மலாயா, சிங்கப்பூர் அணிகளுக்கும் அவர் தலைவரானார். டெஸ்ட் அந்தஸ்து இலங்கைக்குக் கிடைக்கும் முன்னரே 1977இல் அவர் மறைந்தமையால், அவருடைய ஆற்றலை உலகப் புள்ளிவிபரங்கள் முழுமையாகக் காட்டவில்லை.

கழகத்தின் அடுத்த பெரும் பெயர் முத்தையா முரளிதரன். 1972இல் பிறந்து கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் உருவான இம்மலையகத் தமிழர், தமிழ் யூனியனுக்காக உள்ளூர்ப் போட்டிகளில் பந்துவீசி, 1992இல் டெஸ்ட் அரங்கில் நுழைந்து, 2010 ஜூலையில் காலி மைதானத்தில் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் விடைபெற்றார். அந்த எண்ணிக்கையை எவரும் எட்டியதில்லை. ரங்கன ஹேரத், சுரங்க லக்மால், ஜீவன் மெண்டிஸ் ஆகிய தேசிய வீரர்களும் இக்கழகத்துக்காக ஆடியவர்கள். இவர்களின் வருகை, உறுப்புரிமையின் சமூக எல்லை காலப்போக்கில் அகன்றுவிட்டதைக் காட்டும். சோனகர் நிறுவிய மூர்ஸ் கழகத்துக்காகவும் தமிழர் நிறுவிய தமிழ் யூனியனுக்காகவும் ஹேரத் ஆடியிருப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

டெஸ்ட் களமாக ஓவல்

ஐந்து நாள் நீளும் டெஸ்ட் ஆட்டத்தை ஆடும் உரிமை 1981 ஜூலையில் இலங்கைக்கு வழங்கப்பட்டது. நாட்டின் முதலாவது டெஸ்ட் 1982 பெப்ரவரி 17ஆம் திகதி, ஒரு அமெச்சூர் கழகத்தின் இந்த மைதானத்திலேயே இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. பந்துல வர்ணபுர தலைமையிலான அணியில், பதினெட்டு வயதான அர்ஜுன ரணதுங்க இலங்கையின் முதல் டெஸ்ட் அரைச்சதத்தைப் பெற்றார். இரண்டாம் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 என்று வலுவாயிருந்த இலங்கை, ஜோன் எம்புரியின் சுழலில் 175க்குள் சுருண்டு, 7 விக்கெட்டுகளால் தோற்றது.

மூன்றரை ஆண்டுகளின் பின், 1985 செப்டெம்பரில், அதே களத்தில் துலீப் மெண்டிஸின் அணி இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்று தன் முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. ருமேஷ் ரத்நாயக்க ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட் காப்பாளர் அமல் சில்வா சதமடித்ததோடு ஒன்பது ஆட்டமிழப்புகளிலும் பங்கேற்றார். 2006 ஆகஸ்டில் தென்னாபிரிக்கா நிர்ணயித்த 352 ஓட்ட இலக்கை இலங்கை ஒரே ஒரு விக்கெட் மீதமிருக்க அடைந்ததும், 2017 மார்ச்சில் பங்களாதேஷ் தன் நூறாவது டெஸ்டை வென்றதும் இம்மைதானத்திலேயே நிகழ்ந்தன.

உள்ளூர்ப் போட்டிகளும் கழக வாழ்வும்

கொழும்புக் கழகங்களுக்கிடையே 1938 முதல் டெய்லி நியூஸ் கிண்ணத்துக்காக நடைபெற்ற போட்டித் தொடர், 1950-51 பருவத்திலிருந்து சரவணமுத்துக் கிண்ணம், அல்லது சரா கிண்ணம் என்ற பெயரில் நடத்தப்பட்டது. ஒரு கழகத்துக்கு மைதானம் அமைத்தவரின் பெயர் எல்லாக் கழகங்களும் போட்டியிடும் பரிசுக்கே சூட்டப்பட்டமை, அவர்பால் மற்றச் சமூகத்தவரும் கொண்டிருந்த மதிப்பைக் காட்டுகிறது. 1988-89 முதல் இத்தொடர் முதற்தரப் போட்டியாக, அதாவது உலகப் பதிவேடுகளில் இடம்பெறும் தகுதியுடைய பல நாள் ஆட்டமாக ஏற்கப்பட்டது. 1950-51இல் கிண்ணத்தை வென்ற தமிழ் யூனியன், மீண்டும் இத்தொடரை வெல்ல 2015-16 பருவம்வரை, 65 ஆண்டுகள் காத்திருந்தது.

இந்நீண்ட இடைவெளியில் நாட்டின் சமூக உறவுகள் பலமுறை உடைந்தன. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களும் அதன்பின் 2009வரை நீடித்த போரும் கொழும்புத் தமிழரின் வாழ்வை நேரடியாகத் தாக்கிய ஆண்டுகளிலும் கழகம் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அதேபோல் சிங்கள, சோனக, மலாயக் கழகங்களின் பெயர்களும் நிலைத்தன. பெயர்கள் பழையனவாக இருக்க, அணிப்பட்டியல்கள் கலப்பாகிவிட்ட இந்த நிலையை இலங்கையின் கழகத் துடுப்பாட்டத்துக்கே உரிய சிறப்பு எனலாம்.

கிழக்குக் கரையிலிருந்து நோக்குகையில்

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலும் விளையாட்டுக் கழகம் என்பது வெறும் அணியன்று. அது சிரமதானம் செய்வது, நோன்பு காலத்தில் இப்தார் ஏற்பாடு செய்வது, பெருநாளையொட்டிச் சுற்றுப்போட்டி நடத்துவது என ஊரின் பொதுக் காரியங்களைத் தோளில் சுமக்கும் இளைஞர் அமைப்பாகும். உறுப்பினர் சந்தாவாலும் கடைக்காரரின் அன்பளிப்பாலும் இயங்கும் இக்கழகங்களின் உயிர்நாடி, 1899இல் கொழும்பில் கூடியவர்களிடம் இருந்த அதே தன்னார்வமே. வேறுபாடு களத்தில் இருக்கிறது. மணற்பாங்கான பொது வெளியிலும் பாடசாலை மைதானத்திலும் மென்பந்தால் ஆடிப் பழகும் இளைஞர், தேசியத் தெரிவுக்குரிய கடினபந்து ஆட்டத்துக்கு மாறும்போது புற்றரை ஆடுகளம் இன்றித் தடுமாறுகின்றனர். தமிழ் யூனியனின் வரலாறு இவ்விடத்தில் தரும் பாடம் தெளிவானது: சதாசிவமும் முரளிதரனும் தம் திறமையைக் கல்லூரிகளிலிருந்தே கொண்டுவந்தனர், ஆனால் அத்திறமை நாட்டுக்குப் பயன்படக் கழகமொன்றுக்குச் சொந்தக் களமும், அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கும் நிருவாகமும் இருந்தாக வேண்டும். கிழக்குக் கரையின் கழகங்களுக்கு மைதானம் ஒன்றை உறுதிசெய்வதே அவற்றின் அடுத்த கட்ட வளர்ச்சிக்கு முதற் தேவையாகும்.