முப்பது, இருபது, பத்து: கழிவுநீர் அளவுகோலுக்குள் இருக்கும் சாதி

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்தமாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், அதை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை வாங்க வேண்டும். அந்த ஆணையில் ஓர் அட்டவணை இருக்கும். வெளியேறும் நீரில் திடப்பொருள் இவ்வளவுக்குள், பிஓடி இவ்வளவுக்குள், கோலிஃபார்ம் கிருமி இவ்வளவுக்குள் என்று எண்கள் வரிசையாக நிற்கும். மலக்குழி மரணங்களுக்காகத் தெருவில் நிற்கும் நம் தோழர்கள் பலர் இந்த அட்டவணையை இன்ஜினியர் சமாச்சாரம் என்று தள்ளி வைத்துவிடுகிறார்கள். தள்ளக் கூடாது. நூறாண்டுக்கு மேலாக ஒரு சமூகம் எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்பதெல்லாம் அந்த எண்களில் இருக்கிறது.

பிஓடி என்பது என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். கழிவுநீரில் இருக்கும் மலமும் சோறும் சோப்பும் நுண்ணுயிரிகளுக்கு உணவு. அவை தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஒரு லிட்டர் நீரில் இப்படிச் செலவாகும் ஆக்சிஜன் எத்தனை மில்லிகிராம் என்பதுதான் பிஓடி. எண் கூடினால் ஆற்றில் மீன் மூச்சுத் திணறும். வீட்டுக் கழிவுநீரில் இது ஏறக்குறைய 250 இருக்கும். குளிக்கத் தகுந்த ஆற்றுநீரில் 3க்கு மேல் போகக் கூடாது.

இந்த அளவுகோல் பிறந்தது இங்கிலாந்தில். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில், நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஆளுகிறவர்களின் மூக்கு வரை வந்த பிறகுதான் லண்டனுக்குப் பெரிய சாக்கடைகள் கிடைத்தன. (நாற்றம் யார் மூக்கைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே அது பிரச்சினையாகிறது. இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.) 1898இல் கழிவுநீர் அகற்றல் பற்றி ஒரு ராயல் கமிஷன் அமைத்தார்கள். அது பதினேழு ஆண்டுகள் வேலை செய்தது. 1912இல் வந்த அதன் எட்டாவது அறிக்கைதான் உலகம் முழுக்கப் பரவிய எண்ணைத் தந்தது: திடப்பொருள் லிட்டருக்கு 30 மில்லிகிராம், பிஓடி 20. ‘முப்பதுக்கு இருபது’ என்று இன்றும் பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

அந்த 20 எப்படி வந்தது? கமிஷன் ஆறுகளைப் போய்ப் பார்த்தது. பிஓடி 2 உள்ள ஆறு சுத்தமாக இருந்தது, 4ஐத் தாண்டிய ஆறு கெடத் தொடங்கியது. ஆக, கழிவுநீர் கலந்த பிறகும் ஆறு 4க்குள் நிற்க வேண்டும். ஒரு பங்கு கழிவுநீரோடு எட்டுப் பங்கு சுத்தமான ஆற்றுநீர் கலக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். ஆற்றுநீரின் எட்டுப் பங்கில் எட்டு இரண்டு பதினாறு, கழிவுநீரின் ஒரு பங்கில் இருபது, கூட்டினால் முப்பத்தாறு. மொத்தம் ஒன்பது பங்கு, வகுத்தால் நான்கு. இவ்வளவுதான் கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுவிடலாம்.

ஆகவே இருபது என்பது இயற்கை விதித்த எண் இல்லை. எட்டு மடங்கு நல்ல நீர் ஓடும் ஆற்றுக்கு மட்டும் பொருந்தும் எண் அது. இதைக் கமிஷனே ஒளிக்காமல் எழுதியது. 150 மடங்குக்கு மேல் ஆற்றுநீர் கலந்தால் விதியைத் தளர்த்தலாம், 500 மடங்குக்கு மேல் கலந்தால் சுத்திகரிப்பே வேண்டாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. சோதனை ஐந்து நாள் நடப்பதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள்: இங்கிலாந்தின் ஆற்றுநீர் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாதாம். கடலுக்குப் போனது அவர்கள் கணக்கில் இல்லை.

அறிக்கை வந்து இரண்டே ஆண்டில், 1914இல், மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் ஒரு வழியைக் காட்டினார்கள். கழிவுநீரில் காற்றை ஊதினால் நுண்ணுயிரிகள் பெருகி அழுக்கைத் தின்கின்றன. அடியில் படியும் கசட்டை வெளியே கொட்டிவிடாமல் திரும்பத் தொட்டிக்குள் விட்டால் வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. இன்று நம் குடியிருப்புகளின் அடித்தளத்தில் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ‘எஸ்டிபி’ என்ற பலகையோடு உறுமிக்கொண்டிருப்பவற்றில் பெரும்பாலானவை இந்தக் கண்டுபிடிப்பின் பேரப்பிள்ளைகள்தான்.

அதே காலத்தில் இங்கே நகரங்களின் மலத்தைக் கூடையிலும் வாளியிலும் சுமந்தது யார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் நீருக்கு ஒரு தூய்மை அளவுகோல் இருந்தது, ஆனால் அது பிஓடி இல்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் மகத் நகரின் சவுதார் குளத்தில் நீர் அருந்தினார்கள். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எதைக் கொண்டு? மாட்டுச் சாணம், மூத்திரம், பால், தயிர். ராயல் கமிஷன் அறிக்கை வந்து பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. பிஓடி சோதனைக் குப்பி அன்று அங்கே இருந்திருந்தால், குளம் கெட்டது நாம் குடித்ததாலா, அவர்கள் சுத்தம் செய்ததாலா என்று காட்டியிருக்கும்.

விடுதலைக்குப் பின் 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது, 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகளில் 1993 மே மாதம் நாடு முழுமைக்குமான பொது அளவுகோல் சேர்க்கப்பட்டது. ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீருக்கு பிஓடி 30, திடப்பொருள் 100. நம் நாட்டு வெப்பத்தை எண்ணி, சோதனையைப் பின்னாளில் 27 டிகிரியில் மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டார்கள். வெப்பநிலையை மாற்றத் தெரிந்தவர்கள் அந்த எட்டுப் பங்கு ஆற்றுநீரை மறந்துவிட்டார்கள். மே மாதத்துக் கூவத்தில் எட்டுப் பங்கு நல்ல நீருக்கு எங்கே போவது? கலக்க நீரே இல்லாத ஓடையில் 30 உள்ள கழிவுநீரை விட்டால், ஓடையே 30 ஆகிவிடும். இங்கிலாந்து கமிஷன் சொன்ன நாலைப் போல ஏழரை மடங்கு.

1993ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நாம் நினைவில் வைக்க வேண்டும். அந்த அளவுகோல் வந்த மூன்று வாரத்துக்குள், ஜூன் 5 அன்று, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் முதல் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அது நடைமுறைக்கு வந்ததோ 1997 ஜனவரி 26 அன்று, அதுவும் சில மாநிலங்களில் மட்டும். ஆற்றைக் காக்கும் எண்ணும் ஆளைக் காக்கும் சட்டமும் ஒரே கோடையில், ஒரே தலைநகரில் எழுதப்பட்டன. ஒன்றை எழுதியவர் இன்னொன்றைப் படித்ததற்கு இரண்டு ஆவணத்திலும் அடையாளம் இல்லை.

அதுவரை கழிவுநீர் சுத்திகரிப்பு பெரும்பாலும் நகராட்சியின் வேலையாக இருந்தது. 2004 ஜூலையில் சுற்றுச்சூழல் அனுமதி விதியைத் திருத்தி, நாளுக்கு 50,000 லிட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியேற்றும் பெரிய கட்டுமானங்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2006 செப்டம்பர் அறிவிக்கையில் அது 20,000 சதுர மீட்டர் என்ற கட்டடப் பரப்புக் கணக்காக மாறியது. சாக்கடை இணைப்பு போய்ச் சேராத புறநகரில் வீடுகள் முளைத்த காலம் அது. அரசு செய்ய வேண்டிய வேலை குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழுந்தது, சங்கம் அதை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தது, ஒப்பந்தக்காரர் யாரிடம் கொடுத்தார் என்பது நமக்குத் தெரியும்.

எண்ணைச் சுற்றிய சண்டை அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது. 2015 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டது: பிஓடி 10, திடப்பொருள் 20, நைட்ரஜனுக்கும் வரம்பு. 2017 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது எல்லாம் இளகிவிட்டது. பெருநகரங்களுக்கும் பெரும்பாலான மாநிலத் தலைநகரங்களுக்கும் பிஓடி 20, மற்ற ஊர்களுக்கு 30. நைட்ரஜன் காணாமல் போனது. ஒரே நாட்டில் தலைநகரத்து ஆறு ஒரு தரம், சிற்றூர் ஆறு இன்னொரு தரம்! தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரல் 30 அன்று இந்தப் பாகுபாட்டை ஏற்காமல், பெருநகரங்களுக்கு நிபுணர் குழு சொன்ன கடுமையான வரம்பே நாடு முழுமைக்கும் என்று ஆணையிட்டது. அதில் பிஓடி மீண்டும் 10.

முப்பதா, இருபதா, பத்தா என்று அமைச்சகமும் தீர்ப்பாயமும் கட்டுமான முதலாளிகளும் நான்கு ஆண்டுகள் வாதாடினார்கள். அந்த வாதத்தில் பேசப்படாத ஒன்றைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

நூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர். அதில் எண்பது விழுக்காடு கழிவுநீராகிறது. ஆக நாளுக்கு 54,000 லிட்டர். பிஓடி 250 என்றால் ஒரு நாளில் உள்ளே வரும் அழுக்கு பதிமூன்றரை கிலோ. வரம்பு 30 என்றால் வெளியே போகலாம் என்று சட்டம் விடுவது 1.62 கிலோ. வரம்பு 10 என்றால் அரை கிலோவுக்குச் சற்று மேல். வாதம் முழுக்க அந்த ஒரு கிலோவைப் பற்றியது. மீதி பன்னிரண்டு கிலோ எங்கே போனது? ஒரு பகுதி நுண்ணுயிரிகளின் மூச்சாக, கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. மற்றது கசடாகத் தொட்டியில் தங்குகிறது. உலர் எடையில் நாளுக்கு நாலைந்து கிலோ இருக்கும். அது உலர்ந்து வருவதில்லை. நூற்றுக்கு 99 பங்கு நீரோடு நானூறு, ஐநூறு லிட்டர் கரைசலாக வருகிறது. ஒவ்வொரு நாளும். வாசலைத் தாண்டும் நீருக்குத்தான் அட்டவணையில் எண் உண்டு. உள்ளே தங்கும் கசட்டுக்கும் அதை அள்ளுகிறவருக்கும் அதில் ஒரு வரிசைகூட இல்லை.

அந்தக் கசட்டைப் பம்பு வைத்து ஒழுங்காக வெளியேற்றி, நீரைப் பிழிந்து எடுக்கும் கருவி வைக்கலாம். வைத்தால் மின்சாரச் செலவு, இடச் செலவு, ஆள் செலவு. பராமரிப்புக் கட்டணம் கூடும் என்று சங்கக் கூட்டத்தில் சத்தம் வரும். இரவில் ப்ளோயரை நிறுத்திவைத்தால் கரண்ட் பில் குறையும். காற்று நின்றால் தொட்டிக்குள் வேறு வகை நுண்ணுயிரிகள் தலையெடுக்கும், ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். கசட்டைக் கிளறும்போது அது மொத்தமாக மேலே வரும். பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. அந்த அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. ‘வாசனை இல்லை, இறங்கலாம்’ என்று நினைப்பவர் அப்படித்தான் சாகிறார். காப்பாற்றப் போகிறவரும் சாகிறார்.

2018 செப்டம்பர் 9 அன்று மேற்கு டெல்லி மோதி நகரில் ஓர் அடுக்குமாடி வளாகத்தின் சுத்திகரிப்பு நிலையத் தொட்டியில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ‘மலக்குழி’ என்றால் பழைய தெருச் சாக்கடைதான் நம் கண்முன் வரும். அந்த வளாகத்தில் இருந்ததோ நவீன நிலையம்.

சட்டமும் அந்தப் பழைய படத்திலேயே நிற்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘சாக்கடை’, ‘செப்டிக் டேங்க்’ இரண்டையும் வரையறுக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு அதில் தனி வரையறை இல்லை. அங்குள்ள தொட்டியும் செப்டிக் டேங்க் போன்றதே என்று நாம் வழக்குதோறும் வாதாட வேண்டியிருக்கிறது. போதாததற்கு, தகுந்த கருவிகள் கொடுத்து இறக்கினால் அது ‘அபாயகரமான’ துப்புரவு ஆகாது என்பதே அச்சட்டத்தின் வரையறை. சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் 2003இல் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சாவுக்கும் பத்து லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபர் 20 அன்று அது முப்பது லட்சமானது. இறக்கப்படுகிறவர்கள் யார் என்று சந்தேகிப்பவர்களுக்கு அரசே 2021இல் மாநிலங்களவையில் தந்த கணக்கு இருக்கிறது: சாதி விவரம் கிடைத்த 43,797 மலம் அள்ளும் தொழிலாளர்களில் 42,594 பேர் பட்டியல் சாதியினர்.

‘வரம்பைத் தளர்த்தினால் செலவு குறையும், பிறகு ஆளை இறக்க மாட்டார்கள்’ என்று சில நண்பர்கள் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முப்பதாக இருந்த காலத்திலும் ஆளைத்தான் இறக்கினார்கள். வெளியேறும் நீர் போய்ச் சேரும் தாழ்ந்த கரையில் இருப்பதும் நம் சேரிதான். பத்து வேண்டும். பத்தைக் கேட்கும் அதே ஆணை கசட்டையும் கேட்க வேண்டும். எந்தத் தொட்டியிலும் ஆள் இறங்காமல் கசடு எடுக்கும் வசதி வரைபடத்திலேயே இல்லை என்றால் இசைவாணை கிடையாது என்று இருக்க வேண்டும்.

இது நடக்கும்வரை மாணவத் தோழர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் பகுதியில் உள்ள ஒரு குடியிருப்பின் இசைவாணை நகலையும், அது வாரியத்துக்கு அனுப்பிய அறிக்கைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பிஓடி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கசடு எத்தனை கிலோ எடுக்கப்பட்டது, எந்த வண்டியில், எங்கே போனது என்று தேடுங்கள். நாளுக்கு 54,000 லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் ஆண்டு முழுவதும் கசடே எடுக்கவில்லை என்று பதிவேடு சொன்னால், அது ராத்திரியோடு ராத்திரியாக ஓடைக்குப் போயிருக்கிறது, அல்லது இன்னும் தொட்டியின் அடியில் கிடக்கிறது, யாரையோ இறக்கப்போகிறார்கள்.