மண்ணெண்ணெயும் மெகாஹேர்ட்சும்

இயந்திரம் ஒன்றைச் செய்பவர் அதற்கு ஓர் எல்லையை விதித்தே விற்கிறார். இன்ன எரிபொருள், இத்தனை வோல்ற், இவ்வளவு வேகம் என்று அவர் எழுதித் தருவது ஒருவகைப் பொறுப்பேற்பு. அந்த எல்லையைத் தாண்டி இயக்குபவர், இயந்திரம் தாங்குமா என்று சோதித்தறியும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். கணினியை விதித்த வேகத்துக்கு மேல் ஓடவைக்கும் ‘ஓவர்குளொக்கிங்’ பற்றி இளைஞர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு 1990களின் யாழ்ப்பாணமே நினைவுக்கு வருகிறது. அன்று அந்தப் பொறுப்பை ஒரு குடாநாடே சுமந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எனத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. கட்டுப்பாடுகளுக்கிடையே ஓரளவு கிடைத்த எரிபொருள் மண்ணெண்ணெய்தான். தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் மண்ணெண்ணெய்க்கென்றே செய்யப்பட்டவை; சிறிது பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை விவசாயிகளுக்குப் பழக்கமானது. அதே முறை மோட்டார்ச் சைக்கிள்களுக்கும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களுக்கும் போனது. அவற்றைச் செய்தவர்கள் இதனை எண்ணிப்பார்த்திருக்க மாட்டார்கள்.

இயந்திரம் தொடங்கிவிட்டது என்பது அன்று எதற்கும் சான்றாகவில்லை. சில துளி பெற்றோலில் எதுவும் தொடங்கும். சுமையேற்றி, வெயிலில், சில மைல் ஓடிய பின்னும் சத்தம் மாறாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாமல் எஞ்சியது பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி, மசகு எண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். அழுத்தம் கூடிய புதிய எஞ்சின்கள் ‘தட்டத்’ தொடங்கும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்களே தாக்குப்பிடிக்கும். நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் வைத்தியசாலைக்குப் புறப்பட்ட வாகனம் பாதி வழியில் நின்றால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே, அன்றைய திருத்துநர்கள் காதால் கேட்டே இயந்திரத்தை மதிப்பிட்டனர்.

வானொலிக்கும் இதே கதைதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிபெடலைக் கையால் சுற்றி, ஆறு வோல்ற் டைனமோவில் இருந்து மின்சாரம் எடுத்து பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். சுற்றும் வேகத்தோடு மின்னழுத்தமும் ஏறி இறங்கும். கை தளர்ந்தால் செய்தி மங்கும். மிஞ்சிச் சுற்றினால் வானொலிக்கே கேடு.

இனிக் கணினிக்கு வருவோம். 1998இல் இன்ரெல் வெளியிட்ட செலரோன் 300ஏ என்ற மலிவான சில்லு இந்த வரலாற்றில் புகழ்பெற்றது. 66 மெகாஹேர்ட்ஸ் அடிப்படை வேகத்தை நாலரையால் பெருக்கி 300 மெகாஹேர்ட்சில் அது ஓடியது. அடிப்படை வேகத்தை 100 ஆக மாற்றினால் 450இல் ஓடும். பல சில்லுகள் அவ்வாறே ஓடின. ஆனால் வேகத்துக்கு விலையுண்டு. சில்லு செலவிடும் மின்வலு வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் பெருகும். இரண்டையும் பத்து வீதம் கூட்டினால் மின்வலு ஏறத்தாழ 33 வீதம் கூடும். அத்தனையும் வெப்பமாகவே வெளியேற வேண்டும்.

திரையில் வின்டோஸ் தோன்றிவிட்டது என்பது சில துளி பெற்றோலில் எஞ்சின் தொடங்கியதற்கு ஒப்பானது. உண்மையான சோதனைக்குப் பிரைம்95 போன்ற மென்பொருள்கள் வேண்டும். 1996இல் ஜோர்ஜ் வோல்ற்மன் தொடங்கிய, மிகப்பெரிய பகாஎண்களைத் தேடும் திட்டத்தில் இருந்து வந்தது அது. விடை முன்பே தெரிந்த பெருங்கணக்குகளைச் சில்லுக்குக் கொடுத்து, மணிக்கணக்கில் செய்யவைத்து, வந்த விடையைச் சரியான விடையோடு ஒப்பிடும். ஒரேயொரு விடை பிழைத்தாலும் கணினி தேறவில்லை.

இந்தக் கண்டிப்பின் நியாயம் பத்திரிகைக்காரனுக்கு நன்கு விளங்கும். அச்சு இயந்திரம் நின்றுபோனால் எல்லோருக்கும் தெரியும், உடனே சரிசெய்துவிடலாம். மரண அறிவித்தலில் பெயர் மாறி அச்சானால் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பிழை வீடு வீடாகப் போய்ச்சேரும். நின்றுபோகும் கணினியைவிட, நிற்காமல் பிழையான விடை தரும் கணினியே ஆபத்தானது. அது கோப்புகளை ஓசையின்றிக் கெடுக்கும்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபின் குடாநாட்டுக்குப் பொருள்கள் தாராளமாக வரத்தொடங்கின. கணினியும் பரவலாயிற்று. யாழ்ப்பாணத்தில் இச்சோதனையைச் செய்பவர் ஒன்றை மறக்கக்கூடாது. காற்றால் குளிரும் சில்லு அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. அறை எத்தனை பாகை சூடேறுகிறதோ சில்லும் ஏறத்தாழ அத்தனை பாகை கூடுதலாகச் சூடேறும். மார்கழி இரவில் தேறிய கணினி சித்திரை நண்பகலில் தேறும் என்பதற்கு உறுதியில்லை. சோளகக் காற்று கொண்டுவரும் புழுதி விசிறியை அடைத்தால் பழைய முடிவு செல்லாது.

ஒருநாள் சோதனை என்றென்றைக்குமான உறுதியும் ஆகாது. மண்ணெண்ணெயில் முதல் மாதம் நன்றாக ஓடிய எஞ்சின் பின்னர் வளையம் தேய்ந்து வலுவிழந்ததுண்டு. 2024இல் இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகள் சில இவ்வாறே நாளடைவில் நிலைகுலைந்தன. அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் என நிறுவனம் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. எல்லையை விதிப்பவரும் தவறக்கூடும் என்பதற்கு இது சான்று.

அன்று நம்மவர்கள் எல்லை தாண்டியது வேறு வழியின்மையால். இன்றைய இளைஞர் தாண்டுவது விருப்பத்தால். தாண்டுவதில் தவறில்லை. வெயிலில், சுமையோடு, நெடுநேரம் சோதியுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அதுவரை, இழக்கக்கூடாத எதையும் அந்தக் கணினியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.