தகரையும் தரிசும்: மாத்தளைத் தெருவோரச் செடியொன்றின் வரலாறு குறித்து

மாத்தளையிலிருந்து நாலந்தா, நாவுல வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவின் இரு மருங்கிலும், மாரி மழையையடுத்துத் தழைக்கும் செடிகளுள் தகரையும் ஒன்று. ஊசித்தகரை எனவும் அது வழங்கும். சிங்கள மக்கள் பெத்தி தோர என்பர். தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் சென்னா தோரா. இலக்கிய மாணவனொருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். பெயரிடுதல், உடைமை, உழைப்பு ஆகிய மூன்றும் இச்செடியின் வரலாற்றில் ஒன்றையொன்று சந்திக்கின்றன என்பதே விடை.

தகரை ஓராண்டுச் செடி. முழங்காலளவு முதல் இடுப்பளவு வரை வளரும். ஒவ்வோர் இலையிலும் மூன்று இணைச் சிற்றிலைகள் உண்டு. இரவில் அவை மடிந்து ஒன்றோடொன்று பொருந்தும். கீழ் இரு இணைகளுக்கிடையே சிறு சுரப்பிகள் காணப்படும். அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சென்னா ஒப்டுசிபோலியாவில் பெரும்பாலும் கீழிணைக்கிடையே மட்டுமே சுரப்பி உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட குழப்பம் நெடுங்காலம் நீடித்தது. மஞ்சட் பூக்கள் இலைக்கக்கத்தில் இணையாகத் தோன்றும். காய் மெலிந்து நீண்டு அரிவாள்போல் வளையும். விதையின் தோல் மிகக் கடினமானது. எனவே எல்லா விதைகளும் ஒரே மழையில் முளைப்பதில்லை, பல மண்ணிற் காத்துக் கிடக்கும். அவரைக் குடும்பத்துச் செடிகள் யாவும் வேர்முடிச்சுகளால் நைதரசனைப் பதித்து மண்ணை வளப்படுத்தும் என்று பாடநூல்கள் பொதுப்படக் கூறினும், தகரை உள்ளிட்ட சென்னா இனங்களில் அம்முடிச்சுகள் பொதுவாக உண்டாவதில்லை. இலையைக் கசக்கின் தீநாற்றம் வீசும். கால்நடை அதனை ஒதுக்கிப் பிற புல்லை மேய்வதால், மேய்ச்சல் மிகுந்த இடத்திலேயே தகரை மிகுதியாகப் பெருகுகிறது.

அடர்காட்டில் இதனைக் காண்பது அரிது. தெருவோரம், கைவிடப்பட்ட சேனை, குளக்கரை, குடியிருப்பின் கொல்லை, அதாவது மனிதன் கிளறிவிட்ட மண்ணே இதன் வாழிடம். நக்கிள்ஸ் மலைச்சாரலின் உயர்பகுதிகளிலன்றி, மாவட்டத்தின் தாழ்ந்த, வறண்ட வடபகுதியிலேயே இது செழிக்கிறது.

பெயர் பற்றிய செய்தி சுவையானது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672இல் இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் கரையோரப் பகுதிகளிற் செடிகளைத் திரட்டினார். மாத்தளை அன்று கண்டி இராச்சியத்துக்குட்பட்டிருந்தது. கம்பனியின் கை அங்கு எட்டவில்லை. ஹேர்மன் திரட்டிய உலர்செடிகள் பின்னர் லின்னேயஸின் பார்வைக்குக் கிட்டின. அவற்றைக் கொண்டு அவர் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். 1753இல் வெளியிட்ட பெருநூலில் இச்செடிக்குக் காசியா தோரா எனப் பெயரிட்டார். தோரா என்பது சிங்களச் சொல்லே. தகர என்ற பெயரோ, 1678 முதல் வெளிவந்த மலபார்த் தாவர நூலில் வான் ரீடினால் முன்னரே பதிவாகியிருந்தது. ஐரோப்பிய அறிவியல் தென்னாசியக் கிராமத்தவரின் சொல்லை ஏற்றது. செடியைக் காட்டிச் சொல்லைச் சொன்னவரின் பெயரை ஏற்கவில்லை. அறிவின் உடைமையும் நிலத்தின் உடைமைபோலவே கைமாறிற்று எனலாம்.

நமது செவ்விலக்கியமும் இதில் முற்றிலும் குற்றமற்றதன்று. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் தகரையின் உறவினங்களான கொன்றையும் ஆவிரையும் இடம்பெறுகின்றன, தகரை இல்லை. (சங்கநூல்களில் வரும் தகரம் வேறு, அது கூந்தலுக்குரிய நறுமணப் பொருள். இரண்டையும் ஒன்றாக்குதல் தவறு.) தலைவி சூடும் மலருக்குக் கிடைத்த இடம் ஏழையின் கறிச்சட்டியிற் சேரும் கீரைக்குக் கிடைக்கவில்லை. தென்னிந்தியாவில் மழைக்காலத் தொடக்கத்திற் கொய்யப்படும் அதன் இளந்தளிர் காசில்லாதோரின் கறி. விதையும் இலையும் படைநோய்க்கு மருந்தாகும். வறுத்த விதை கோப்பிக்கு மாற்றாகவும் பயன்பட்டுள்ளது.

கோப்பி என்றதும் மாத்தளையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நினைவுக்கு வருகிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும் முடிக்குரியவை என ஊகித்தது. கிராமத்தவரின் சேனையும் மேய்ச்சலும் கீரையும் மருந்தும் அந்நிலத்திலேதான் இருந்தன. அவ்வாறு பறிபோன நிலம் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணமாயினும், நிலப்பறிப்பின் கசப்பும் அதன் பின்னணியில் இருந்தது.

அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் ஆயிரக்கணக்கினர். ஊரில் அறிந்திருந்த தகரையை அவர்கள் அவ்வழியோரத்திலும் கண்டிருப்பர் என்பது ஊகமே. ஆனால் பொருந்தா ஊகமன்று.

தோட்டத்துக்குள் வந்ததும் அதே செடி களையாயிற்று. களை என்பது தாவரவியல் வகுப்பன்று. உற்பத்தி உறவு தரும் பெயர். தரிசு என்ற சொல் கிராமத்தவரின் நிலத்துக்குச் செய்ததையே களை என்ற சொல் அந்நிலத்துச் செடிகளுக்குச் செய்தது. கோப்பியல்லாத யாவற்றையும் அகற்றித் தரையை வெறுமையாக்கும் களையெடுப்பே நல்ல தோட்டத்துக்கு அடையாளமெனத் துரைமார் கொண்டனர். கூலி கொடுத்துச் செய்விக்கப்பட்ட அவ்வேலையின் விளைவாக, சரிவுகளின் மேல்மண் மழையோடு ஆற்றுக்குச் சென்றது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் காலப்போக்கிற் கோப்பி அழிந்தது. தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அவ்விடத்துக்கு வந்தன. மண் திரும்பவில்லை. மண்ணரிப்பைப் பற்றி ஆராய்ந்த அரச குழு தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது 1931இல்.

இன்று தகரை விதையிலிருந்து எடுக்கப்படும் பிசின், தகரத்திலடைத்த நாய், பூனை உணவைக் கெட்டியாக்கும் பொருளாக உலகச் சந்தையில் விலைபோகிறது. மாத்தளைத் தெருவோரத்தில் அது கேட்பாரற்று நிற்கிறது. மழை ஓய்ந்தபின் காய் முற்றிப் பிளந்து, தெருத்திருத்த வருவோரின் மண்வெட்டிக்கு முன்னரே விதையை மண்ணில் இட்டுவிடுகிறது.