ஹைபிரிட் காரின் துணை பேட்டரி: வீட்டிலேயே சோதிப்பதும் மாற்றுவதும்

ஹைபிரிட் காரில் பேட்டரி இரண்டு. சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் தருவது உயர் மின்னழுத்த பேட்டரி. கதவுப் பூட்டு, விளக்கு, ஹாரன், கணினிப் பெட்டிகள் ஆகியவற்றுக்கு 12 வோல்ட் தருவது துணை பேட்டரி. இது பெரும்பாலும் ஈய-அமில வகை. சாவியை அழுத்தியதும் கார் விழித்துக்கொள்வது இதன் தயவில்தான். இது இறங்கிப்போனால், பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வண்டி அசையாது.

சாதாரண காரில் 12 வோல்ட் பேட்டரி செல்ஃப் மோட்டாரைச் சுழற்ற வேண்டும். அதற்குச் சில நொடிகள் நூறு ஆம்பியருக்கு மேல் தேவை. முழு ஹைபிரிட்டில் எஞ்சினைக் கிளப்புவது உயர் மின்னழுத்தத்தில் ஓடும் மோட்டார்-ஜெனரேட்டர். துணை பேட்டரி கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை மூடினால் போதும். ‘ரெடி’ விளக்கு எரிந்தபின், ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக டிசி-டிசி கன்வெர்ட்டர் என்னும் கருவி பெரிய பேட்டரியிலிருந்து எடுத்து இதற்குச் சார்ஜ் ஏற்றுகிறது. 1997இல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் முதல், 2022இல் இந்தியாவில் அறிமுகமான ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டுகள் வரை ஏற்பாடு இதுவே. 2015இல் சியாஸில் தொடங்கிய மாருதியின் ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ வேறு: அதில் வழக்கமான செல்ஃபும் உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் சோதனையில் இறங்கக் கூடாது. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும் ஓசையை வைத்தே பேட்டரியின் நிலையைச் சொல்லிவிடும் காது நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு உண்டு. முழு ஹைபிரிட்டில் கேட்பதற்கு அந்த ஓசையே இல்லை. பேட்டரி மெல்ல மெல்லத் தேய்ந்து, நேற்றுவரை ஓடிய வண்டி ஒரு காலையில் ‘ரெடி’ காட்டாமல் நிற்கும். டாஷ்போர்டில் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும். காது செய்த வேலையை இங்கே மல்டிமீட்டர்தான் செய்தாக வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் வெயில் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துகிறது. வெப்பம் ஏறத் தகடுகளின் அரிப்பும் நீரிழப்பும் கூடும். 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. மரக்காணம் உப்பளப் பக்கக் காற்று பட்டால் டெர்மினல்கள் சீக்கிரம் பூத்துவிடும். ஆனால் நான் வெயிலைவிட அதிகம் அஞ்சுவது, வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதற்குத்தான். ஊர்வீட்டு வாசலில் நிற்கும் காரில் ஸ்மார்ட் கீயைத் தேடும் சுற்றும் திருட்டு அலாரமும் சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகட்டில் ஈய சல்பேட் கெட்டிப்படும். பிறகு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ‘ரெடி’ இல்லாமல் பாட்டு கேட்பதும் அதே கேட்டைச் செய்கிறது. வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது வண்டியை ‘ரெடி’யில் வைப்பது நல்லது. மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம்: எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும், புகை உயிரைப் பறிக்கும்.

சோதனைக்கு விடியற்காலை ஏற்ற நேரம். இரவு முழுதும் ஓய்ந்த பேட்டரியில், கதவைத் திறந்ததால் விழித்த கணினிகள் மீண்டும் அடங்கியபின், மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து இரு முனைகளிலும் தொட வேண்டும். 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ், 12.2 ஏறத்தாழ பாதி. 12க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். இந்த எண் சார்ஜை மட்டும் சொல்லும், பேட்டரியின் உடல்நிலையைச் சொல்லாது. அதற்கு, முழுதாகச் சார்ஜ் ஏற்றியபின் ‘ரெடி’க்குப் போகாமல் ஹெட்லைட்டும் ஏசி காற்றாடியும் சில நிமிடம் ஓட விட்டுப் பார்க்க வேண்டும். மீட்டர் சரசரவென்று 11ஐ நோக்கி இறங்கினால் பேட்டரியின் காலம் முடிந்தது. கடைசியாக ‘ரெடி’யில் ஓர் அளவு: 13.5க்கும் 14.7க்கும் இடையே காட்ட வேண்டும். அங்கும் 12 வோல்ட்டிலேயே நின்றால் கோளாறு சார்ஜ் வரும் பாதையில். கன்வெர்ட்டரையோ ஃபியூஸையோ பார்க்காமல் புது பேட்டரி வாங்குவது பண விரயம்.

பேட்டரி இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் பார்க்கவும். பழைய (இரண்டாம் தலைமுறை) பிரியஸில் அது டிக்கியின் வலப்புறம். டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் இயங்குவதால், பேட்டரி செத்தபின் அதை எடுக்க டிக்கியே திறக்காது. அதனால்தான் பானட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடியிட்ட பிளஸ் முனை வைத்திருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 132இல் விக்கிரவாண்டிப் பக்கம் இரவில் வண்டி நின்றாலும், ஒரு சிறு ஜம்ப் ஸ்டார்ட்டர் போதும். தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழக்கத்தை மட்டும் மறந்துவிட வேண்டும். ஹைபிரிட்டில் அது ஒருக்காலும் பலிக்காது.

புதிதாக வாங்கும்போது அளவும் பிளஸ், மைனஸ் இருக்கும் பக்கமும் பழையதோடு ஒத்திருக்கட்டும். ஆட்கள் அமரும் அறைக்குள்ளோ டிக்கியிலோ இருக்கும் பேட்டரி பெரும்பாலும் ஏஜிஎம் வகை, அதாவது அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சிவைத்த மூடிய பேட்டரி. வெளிவரும் ஹைட்ரஜனைக் காருக்கு வெளியே கொண்டுபோக ஒரு சிறு குழாய் செருகியிருக்கும். விலை குறைவென்று அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரியை வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அமிலமும் வாயுவும் குழந்தைகள் உட்காரும் இடத்திற்குள் வரும்.

கழற்றுவது பத்தாம் நம்பர் ஸ்பானர் வேலை. வண்டியை அணைத்து, சாவியைத் தள்ளி வைத்து, டிக்கி மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு, மைனஸை முதலில் எடுக்க வேண்டும். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். முனை மாறினால் நொடியில் பெரிய ஃபியூஸ் உருகும், கன்வெர்ட்டரும் போகலாம். ஆரஞ்சு நிற ஒயரைத் தொடவே கூடாது. அந்தப் பழைய பிரியஸிலேயே பெரிய பேட்டரி 201.6 வோல்ட். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் மூழ்கிய ஹைபிரிட்டில் வீட்டு வைத்தியம் வேண்டாம். பயிற்சி பெற்றவர்தான் பானட்டைத் திறக்க வேண்டும்.

மாற்றியபின் கடிகாரத்தையும் கண்ணாடி ஏற்றியையும் மீண்டும் அமைத்து, ‘ரெடி’ வோல்ட்டை ஒருமுறை அளந்து, தேதியைப் பேட்டரி மீதே எழுதிவைக்கலாம். பழையதைக் கடைக்காரர் கழிவு விலையில் எடுத்துக்கொள்வார். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது குப்பையோடு சேரக் கூடாது. தெருவோர உலையில் உருகும் ஈயத்தின் புகை முதலில் தாக்குவது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் மூளையை என்பதால், பதிவுபெற்ற மறுசுழற்சிக்கு அனுப்புகிறாரா என்று அந்தக் கடைக்காரரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.