தோட்டத்து இயந்திரக் கல்வி

மலாயா வரலாற்றில் 1896ஆம் ஆண்டை ஓர் இரட்டைப் பிறப்பாண்டு எனலாம். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் இரப்பர்க் கன்றுகளை வாணிக நோக்குடன் நட்டது அவ்வாண்டில்தான். சிங்கப்பூரில் காட்ஸ் சகோதரர் நிறுவனத்தார் ஒரு பென்ஸ் மோட்டார் வண்டியைக் கொண்டுவந்து இறக்கியதும் அதே ஆண்டில்தான். ஒன்றை ஒன்று அறியாமல் நிகழ்ந்த இவ்விரண்டும் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரே முடிச்சில் கட்டுண்டன. 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் மலிவு விலை வண்டி வெளிவந்தது. காற்றடைத்த சக்கரங்களுக்கு இரப்பர் தேவைப்பட்டது. 1910இல் இரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. நெகிரி செம்பிலானின் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகளின் பின்னே தமிழ் மக்கள் கப்பலேறினர்.

ஆக, தமிழனைக் கடல் கடக்கச் செய்ததில் மோட்டார் வண்டிக்கும் பங்குண்டு. எனினும் அவ்வண்டியை அவன் கை தொட நெடுங்காலம் பிடித்தது. அது எவ்வாறு தொட்டது, தொட்டபின் எவ்வாறு பழுதுபார்க்கக் கற்றது என்பன தோட்ட வரலாறு எழுதுவோர் மிகுதியும் கண்டுகொள்ளாத செய்திகள். கங்காணியைப் பற்றியும் கள்ளுக்கடையைப் பற்றியும் எழுதியவர்கள் இஞ்சின் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மோட்டாருக்கு முன் இம்மாநிலத்தின் பெருவழி லிங்கி ஆறு. சுங்கை ஊஜோங்கின் ஈயம் படகேறி அவ்வாற்றின் வழியே கடலை நோக்கிச் சென்றது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டபின் ஆற்று வாணிகம் மங்கியது. படகைப் பொறுத்தவரை ஓட்டுபவனே அதன் மருத்துவனும் ஆவான். பலகையின் எந்த இணைப்பில் நீர் கசிகிறது என்பதை அவன் கால் அறியும். தோட்டத்து இயந்திரத்தின் கதை வேறு. அது கம்பெனியின் உடைமை. அதைத் துடைத்து எண்ணெயிட்டு ஓட வைத்தவனுக்கு அதில் ஓர் ஆணிகூடச் சொந்தமில்லை. பிறர் பொருளைப் பேணியே தன் கைத்திறனை வளர்த்துக்கொள்ள வேண்டிய நிலை அவனுக்கு.

அக்கல்வியின் முதற் கூடம் பால் ஆலை. இரப்பர்ப் பாலை அமிலமிட்டு உறைய வைத்து, உருளைகளுக்கிடையே தகடாக அழுத்திப் புகைக்கொட்டகையில் உலர்த்துவர். சிறு தோட்டங்களில் உருளையைக் கையால் சுற்றினர்; பெருந்தோட்டங்களில் இஞ்சின் சுற்றியது. தொடக்கத்தில் நீராவி இஞ்சின்களும் கரிவாயு இஞ்சின்களும், பின்னர் டீசல் இஞ்சின்களும் வந்தன. 1930 அளவில் பரவத் தொடங்கிய லிஸ்டர் வகை இஞ்சினைச் சான்றாகக் கொள்ளலாம். ஒற்றை உருளை, கனத்த சுழற்சக்கரங்கள், நிமிடத்திற்கு 650 சுற்றுகள். அதை எழுப்புவதே ஒரு வித்தை. அழுத்தம் விடுவிக்கும் நெம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு கைப்பிடியால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். வேகம் ஏறியதும் நெம்பியைச் சட்டெனத் தாழ்த்த வேண்டும். முந்தினால் சக்கரம் நின்றுவிடும். பிந்தினால் கை சோர்ந்துவிடும். இந்த இடைநொடியை எந்த நூலும் கற்பிக்க இயலாது. அருகில் நின்று செவியால் கற்க வேண்டிய பாடம் அது.

செவியே அக்காலத்து இஞ்சின்காரரின் பாடநூல். ஓசையில் ஒரு தட்டல் கூடினால் உலக்கைத்தண்டின் தாங்கி தேய்ந்துவிட்டது என்றும், புகை கறுத்தால் எண்ணெய் சரியாக எரியவில்லை என்றும் அவர் உணர்ந்தார். வால்வுகளைக் கழற்றி, அரைக்கும் பசையைத் தடவி, அவை தத்தம் இருக்கையில் காற்றுப் புகாமல் பொருந்தும்வரை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டித் தேய்ப்பார். அடைப்புத்தகடு கிழிந்து மாற்றுத்தகடு வந்து சேராத வேளையில் தடித்த அட்டையை வெட்டி எண்ணெயில் தோய்த்துப் பொருத்துவதும் உண்டு.

மற்றொரு கூடம் லாரி. ஓட்டுநருக்கு உதவியாளாகச் செல்பவனை மலாய் மொழியில் ‘கெலிண்டான்’ என்பர். மூட்டை ஏற்றுவது, கட்டை வைத்துச் சக்கரத்தைத் தடுப்பது, நீர் ஊற்றுவது என்று தொடங்கும் அவன் பணி, காலப்போக்கில் சக்கரம் கழற்றுதல், மின்பொறி முனையைத் தேய்த்துத் தூய்மை செய்தல் என விரியும். ஊதியம் சிறிது, ஆனால் பெரட்டுக்கு நின்று வாளி தூக்குவதினின்று தப்ப அதுவே வாயில். பையன்கள் அவ்விடத்திற்குப் போட்டியிட்டதில் வியப்பில்லை. துரையின் காரோட்டிக்கோ லயத்தில் தனி மதிப்பு. அவர் கை எண்ணெய்க் கறையும் ஒரு பதவிச் சின்னமே. ஆயுத பூசையன்று லாரிக்கும் இஞ்சினுக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் வழக்கம் இத்தொழிலாளர் வழியே தோட்டமெங்கும் வேரூன்றியது. கம்பெனியின் இயந்திரம் ஆண்டிற்கு ஒருநாளேனும் அவர்களுடையதாயிற்று.

முறையான தொழிற்கல்வி நாட்டில் இல்லாமற் போகவில்லை. கோலாலம்பூரில் 1926இலேயே கைத்தொழிற்பள்ளி தோன்றியது. ஆனால் 7 முதல் 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்த 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், அப்பிள்ளைகளை ஆரம்பக் கல்வியோடு நிறுத்திவிட்டது. அதன்பின் பால்வாளியா, கைத்தொழிற்பள்ளியா என்ற வினாவே எழவில்லை.

சப்பானியர் காலம் இக்கைத்திறனைக் கடுமையாகச் சோதித்தது. 1942 சனவரி 14இல் கெமென்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து தாக்கியது மிதிவண்டியில் வந்த சப்பானிய வீரர்களைத்தான். டயர் வெடித்தால் வெறும் வளையத்திலேயே ஓட்டிச் செல்லும் அவர்களது பழக்கம் பலரும் அறிந்ததே. அவர்கள் ஆட்சியில் பெட்ரோல் அரிதாயிற்று. லாரியின் பின்னே இரும்புக் கலன் பொருத்தி, மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, எழும் வாயுவால் வண்டியை ஓட்டினர். கரிவாயு இஞ்சினைத் தோட்டத்தில் இயக்கியிருந்தவர்களுக்கு இது புதிதன்று. வலு குறைவு, மேடு வந்தால் ஏறியிருப்போர் இறங்கித் தள்ள வேண்டும், வடிகட்டியில் சாம்பல் அடைத்துக்கொண்டால் நடுவழியில் நின்று தட்டிக் கொட்ட வேண்டும். இரப்பரையே மூடிய கலனில் காய்ச்சி எண்ணெய் வடித்ததும் அக்காலத்தில்தான். சக்கரத்திற்காகப் பயிரான மரம் எரிபொருளும் ஆயிற்று. இதை அறிவியல் வியப்பாக மட்டும் பேசுவது முறையன்று. அந்நாளில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர்.

போருக்குப்பின் ஒரு மாற்றம் நேர்ந்தது. தொழிலாளி தனக்கென ஒரு சக்கர ஊர்தியை வாங்கினான். முதலில் மிதிவண்டி. உள்குழாயில் துளை விழுந்தால் நீரில் அமிழ்த்திக் குமிழ் பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, இரப்பர்ப் பசை தடவி, இரப்பர்த் துண்டையே ஒட்டினான். தன் கையால் சீவிய மரத்தின் பால் பல கடல் கடந்து, சிறு குப்பியாகத் தன்னிடமே விலைக்கு வந்ததை அவன் எண்ணிப் பார்த்தானோ இல்லையோ! அடுத்து மோட்டார் சைக்கிள். 1958இல் பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டாவின் விநியோக உரிமையைப் பெற்றபின் அச்சிறு வண்டி தோட்டத்துச் செம்மண் பாதைக்கும் வந்தது. நான்கடிப்பு இஞ்சின், கிளட்ச்சைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை, கழற்றுவதற்கும் எளிது. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வாசலில் சாக்கை விரித்து, கார்பரேட்டரின் சிறு துளைகளை வாயால் ஊதி, கறுப்பு எண்ணெயை மாற்றும் காட்சி வழக்கமாயிற்று. தந்தை இஞ்சின் கொட்டகையில் கற்றதை மகன் தன் சொந்த வண்டியில் செய்தான். லிங்கிப் படகோட்டிக்கு என்றும் இருந்த உரிமை, இவனுக்கு இரு தலைமுறை கழித்துக் கிட்டியது.

ஆனால் கையறிந்ததைத் தாள் அறியவில்லை. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. இருபது ஆண்டு இஞ்சின் ஓட்டியவரும் அவ்வரிசையில் நின்றார். ஆயிரக்கணக்கானோர் தாம் பிறந்தோ வளர்ந்தோ அறியாத தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். மற்றொரு தடை நற்சான்றிதழ். 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை இயந்திரச் சட்டத்தின்படி நீராவிக் கொதிகலனை இயக்குவோர் தேர்வெழுதித் தகுதிபெற வேண்டியிருந்தது. பாதுகாப்புக் கருதி அது வேண்டியதே. கொதிகலன் வெடித்தால் உயிர் மீளாது. இருப்பினும் எழுத்துத் தெரியாத அனுபவசாலி, சான்றிதழ் பெற்ற இளைஞனுக்குக் கீழே நின்று அவனுக்கே தொழில் சொல்லிக்கொடுக்கும் நிலையும் உண்டாயிற்று. சிலாங்கூர் பத்து தீகாவில் 1959இல் கிறித்தவத் துறவியர் தொடங்கிய மான்ட்போர்ட் சிறுவர் நகரம் போன்றவை ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழிலும் சான்றும் சேர்த்தளித்தன. எனினும் ஒரு தோட்டத்துப் பையன்கள் அனைவரும் அங்கே சென்றுவிட இயலுமா?

1989இல் தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் அமைந்தது. 2006இல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. பயிற்சிக்கூடம் செல்லாதவரும் தம் பணி அனுபவத்தைக் காட்டித் திறன் சான்றிதழ் பெறும் முறை நடப்புக்கு வந்தது. அதற்குள் இரப்பர் மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டிருந்தன. நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. இஞ்சின் கொட்டகைகள் இடிந்தன. லயத்து மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். அவர்களிற் சிலர் சாலையோரத்தில் தகரக்கூரை போட்டு மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்தனர். பட்டறையின் முன் சுவரில் சாமி படம். பக்கத்தில் கருத்துப்போன ஸ்பானர்களின் வரிசை. மூலையில் ஓர் இருக்கையில் வெற்றிலை மெல்லும் முதியவர். வண்டி உள்ளே வரும்போதே, அதன் ஓசையைக் கேட்டு, எந்த வால்வு தளர்ந்திருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார்.