நாய் ரோமத்தில் நெய்த கம்பளி

ஹோலி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்தால் போதும். பொமரேனியனோ ஜெர்மன் ஷெப்பர்டோ வளர்க்கும் வீடுகளில் சோபா, பாய், வேட்டி எல்லாவற்றிலும் முடிதான். இந்த நாய்களுக்கு இரட்டை ரோமம். மேலே நீளமான முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி மென்மையான முடி. சீசனில் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது அந்த அடிப்பஞ்சு. நாம் வாரிக் குப்பையில் போடுகிறோம். இதையே சொத்தாக வைத்திருந்த மக்களும் இருந்தார்கள்!

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய சியாட்டில், வான்கூவர் நகரங்களைச் சுற்றி வாழ்ந்துவரும் கோஸ்ட் சாலிஷ் பூர்வகுடிகள்தான் அவர்கள். அந்தக் காலத்தில் அவர்களிடம் செம்மறி ஆடு கிடையாது. கம்பளிக்கென்றே ஒரு வெள்ளை நாய் இனத்தை வளர்த்தார்கள். 1792-ல் அங்கே போன ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவர், இவை பொமரேனியன் ஜாடையில், கொஞ்சம் பெரிதாக இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆட்டுக்குக் கத்தரிப்பது போல ஒட்டக் கத்தரித்திருந்தார்களாம். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாலும் பிரிந்து போகாத அளவுக்கு அந்த ரோமம் அடர்த்தி.

நாய்கள் பெண்களின் பொறுப்பு. வேட்டை நாய்களோடு கலந்துவிடாமல் இருக்கச் சின்னத் தீவுகளிலும் பட்டிகளிலும் தனியாக வைத்து, மீன் போட்டு வளர்த்தார்கள். ரோமத்தில் வெள்ளை மண்ணைப் போட்டு அடித்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார்கள். மலை ஆட்டு ரோமத்தையும் செடிப் பஞ்சையும் கலந்து நூற்றுக் கம்பளி நெய்தார்கள். எத்தனை நாய், எத்தனை கம்பளி என்பதுதான் ஒரு பெண்ணின் செல்வத்துக்குக் கணக்கு. பாங்க் பாஷையில் சொன்னால் நாய் முதல், கம்பளி வருமானம்.

அப்புறம் என்ன ஆயிற்று? ஹட்சன்ஸ் பே கம்பெனியின் மெஷின் கம்பளி விலை குறைவாக வந்தது, அதனால் நாய் அழிந்தது என்றுதான் ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். ஆனால் பெரியம்மை ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோனதும், கம்பளிகளைத் தானமாக வழங்கும் பாட்லாட்ச் விழாவைக் கனடா அரசு 1885-லிருந்து 1951 வரை தடை செய்திருந்ததும் அந்தக் கணக்கில் வரவில்லை. நெய்யும் கைகளே இல்லாதபோது நாயை யார் தனியாகக் காப்பாற்றி வைப்பது? 1900 வாக்கில் அந்த இனமே இல்லை.

மிஞ்சியது 1859-ல் இறந்த 'மட்டன்' என்ற நாயின் தோல். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மரபணுவைப் படித்து, சாலிஷ் பெரியவர்களிடமும் கேட்டு, 2023-ல் ஒரு ஆய்வு வெளியானது. மெஷின் கம்பளி மட்டும் காரணமில்லை என்று அந்தப் பெரியவர்கள் சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு உங்கள் நாய்க்கும் மெஷின் போட்டு மொட்டை அடித்துவிடாதீர்கள்! அவர்கள் கத்தரித்தது கம்பளிக்காக. நமக்குத் தறியா இருக்கிறது? மழித்தால் மேல்முடி சில நாய்களுக்குப் பழையபடி வளராது, வெயிலும் நேராகத் தோலில் படும். நீளப் பல் சீப்பால் பகுதி பகுதியாக முடியைப் பிரித்து, அடிவரை வாரினால் போதும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிடுங்கள், நனைந்தால் சிக்கு இறுகிவிடும். கொட்டும் மாதங்களில் தினம் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். சோபாவும் தப்பிக்கும்.